வெரிஃபையர் இல்லாத பெட்டி: வோட்டோமேட்டிக் வாங்கிப் பார்த்தேன்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்த அட்டைப்பெட்டி வாசலில் வந்து இறங்கியது. என் மகள் அதை உள்ளே தூக்கி வந்து, “என்னம்மா, பழைய சூட்கேஸா வாங்கியிருக்கே?” என்றாள். பார்க்க சூட்கேஸ் மாதிரிதான் இருக்கும். கைப்பிடி, இரண்டு பக்கமும் கொக்கி, மூடியைத் திறந்தால் உள்ளே மடித்து வைத்த நான்கு மெல்லிய கால்கள். கால்களை இழுத்து நீட்டி மாட்டிவிட்டால் இடுப்புக்கு மேல் உயரத்தில் ஒரு சாய்வு மேஜை. மூடி நிமிர்ந்து பின்பக்க மறைப்பாகிவிடும், இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தட்டிகள். இதுதான் வோட்டோமேட்டிக். அமெரிக்காவில் 1964 தொடங்கி ஐம்பது வருஷம் ஜனங்கள் ஓட்டுப் போட்ட பெட்டி.

பழைய பொருள் விற்கும் ஒருவரிடமிருந்து 90 டாலருக்கு வாங்கினேன், அனுப்பும் செலவு தனி. கூடவே குத்தாத கார்டுகள் நாற்பது வந்தன. எந்த ஊர்த் தேர்தலில் இருந்தது என்று விற்றவருக்குத் தெரியவில்லை. பக்கவாட்டில் ஸ்டிக்கரைச் சுரண்டிய தடம் மட்டும் இருக்கிறது.

நான் ஏன் இதை வாங்கினேன் என்பதைச் சொல்லாமல் இந்த விமர்சனத்தை எழுத முடியாது. 1973-இல் இருந்து பதினோரு வருஷம் மெட்ராஸில் ஒரு அலுவலகத்தின் பஞ்ச் ரூமில் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டருக்குக் கணக்கு விவரங்களைக் கொடுக்க, எண்பது காலம் (நெட்டு வரிசை), பன்னிரண்டு வரி கொண்ட அட்டைக் கார்டுகளில் ஓட்டை போடுவதுதான் வேலை. கட்டடத்திலேயே ஏசி இருந்த ஒரே ரூம் எங்களுடையது. அது எங்களுக்காக இல்லை, கார்டுகளுக்காக. மெட்ராஸ் ஈரக்காற்றில் கார்டு உப்பினால், கம்ப்யூட்டருக்காக அதைப் படிக்கும் ரீடரில் சிக்கிக்கொள்ளும். ஒரு ஷிஃப்டுக்கு நூற்றுக்கணக்கில் அடிப்போம். வெட்டி விழும் குட்டிக் காகிதத் துண்டுகளை நாங்கள் சில்லு என்போம். அவற்றை இங்கே சாட் என்கிறார்கள் என்பது 2000-இல் டிவி பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த வருஷம் நவம்பர் 7-ஆம் தேதி, குடியுரிமை வாங்கிய பிறகு முதல் முறையாக ஜனாதிபதி தேர்தலில் ஓட்டுப் போட்டேன். நான் இருக்கும் கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா கவுண்ட்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அப்போது இந்த வகைக் கார்டுதான். பூத்துக்குள் போய் கார்டைக் கையில் வாங்கியதும் எனக்கு ஒரே சந்தோஷம். விட்டுவந்த வேலை கடல் தாண்டி என்னைத் தேடி வந்த மாதிரி இருந்தது. அடுத்த ஐந்து வாரம், ஃப்ளோரிடா மாநிலத்தில் இந்தக் கார்டுகளை மறுபடி எண்ணுவது பற்றிய சண்டையைச் செய்திகளில் பார்த்தபோது அந்த சந்தோஷம் போய்விட்டது. ஒரு நீதிபதி பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு கார்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற படம் எல்லாப் பேப்பரிலும் வந்தது. என் தொழிலில் நடக்கவே கூடாத ஒன்று அங்கே நடந்துகொண்டிருந்தது. அது என்ன என்று இந்தப் பெட்டியைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன். மேஜையின் நடுவில் ஒரு புத்தகம் மாதிரி, பக்கம் பக்கமாகத் திருப்பும்படி வைத்திருப்பார்கள். பக்கத்தில் வேட்பாளர் பெயர்கள், ஒவ்வொரு பெயரிலிருந்தும் ஓர் அம்புக்குறி. அம்பு காட்டும் இடத்தில், புத்தகத்தின் நடுத்தையலை ஒட்டி, துளைகள். கார்டை மேலிருந்து ஒரு பிளவில் செருகி, புத்தகத்துக்கு அடியில் தள்ள வேண்டும். கார்டின் தலைப்பில் இருக்கும் இரண்டு ஓட்டைகள் மேலே நிற்கும் இரண்டு முளைகளில் சரியாக உட்கார வேண்டும். பிறகு சங்கிலியில் கட்டிய குத்தூசியை எடுத்து, அம்புக்கு நேராக நிமிர்த்திப் பிடித்து அழுத்தினால் கார்டில் சில்லு கழன்று கீழே விழும். பக்கம் திருப்பினால் கார்டின் அடுத்த காலம் திறக்கும். எல்லாம் முடிந்ததும் கார்டை உருவி உறையில் போட்டுக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

கார்டை நன்றாகப் பாருங்கள். அதில் பெயர் கிடையாது. எண்கள் மட்டும்தான். நான் குத்தியது யாருக்கு என்பதைக் கார்டைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. பெயர் இருக்கும் புத்தகம் பெட்டியோடு பூத்திலேயே நின்றுவிடுகிறது. நான் வெளியே எடுத்துப் போவது ஓட்டை போட்ட ஒரு அட்டையை.

இன்னொன்று. எங்கள் பஞ்ச் மிஷினில் கார்டு முழு அட்டையாக இருக்கும். எஃகு அச்சு மேலிருந்து இறங்கி, கீழே இருக்கும் எஃகு வார்ப்போடு சேர்ந்து செவ்வகமாக வெட்டிவிடும். அரைகுறையாக வெட்டுவதற்கு அதில் வழியே இல்லை. வோட்டோமேட்டிக் கார்டோ முன்கூட்டியே வெட்டிவைத்தது. ஒவ்வொரு சில்லும் நான்கு மூலையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும், கை விரல் பலத்தில் கழல வேண்டும் என்பதற்காக. ஐபிஎம் கம்பெனி 1950-களின் கடைசியில் வெளியில் அலைந்து கணக்கெடுப்பவர்களுக்காகச் செய்த போர்ட்-எ-பஞ்ச் என்ற சின்னப் பலகையிலிருந்து வந்த கார்டு இது. அந்தக் கார்டைப் பயன்படுத்தியவர் தினமும் அதையே செய்கிறவர், கை பழகியவர். ஓட்டுப் போடுகிறவர் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து ஐந்து நிமிஷம் நிற்கிறவர்.

சமையலறை மேஜையில் விளக்கைப் போட்டுக்கொண்டு சோதித்துப் பார்த்தேன். ஊசியை நிமிர்த்திப் பிடித்து அழுத்தினால் ‘டக்’ என்று சுத்தமாக விழுகிறது, கைக்கு இதமாகவும் இருக்கிறது. ஊசியைக் கொஞ்சம் சாய்த்தால் சில்லு ஒரு பக்கம் மட்டும் பிய்ந்து கதவு மாதிரித் தொங்குகிறது. கார்டை முளைகளில் உட்கார வைக்காமல் அரை விரல் மேலே விட்டுவிட்டுக் குத்தினேன். துளைக்கும் சில்லுக்கும் பொருந்தாமல் அட்டையில் வெறும் பள்ளம் விழுந்தது. பெட்டி எந்த எச்சரிக்கையும் தரவில்லை. கார்டு சரியாக உட்காராவிட்டால் மணி அடிப்பது, பூட்டிக்கொள்வது என்று எதுவும் கிடையாது.

கார்டின் ஒரு நெட்டு வரிசையில் மட்டும் ஊசியை எவ்வளவு நிமிர்த்திப் பிடித்தாலும் பள்ளம்தான் விழுந்தது. மாப்பிள்ளையை விட்டு ஸ்க்ரூ கழற்றிப் பார்த்தேன். கார்டுக்குக் கீழே ஒவ்வொரு காலத்துக்கும் நேராக ரப்பர் பட்டைகள் ஓடுகின்றன. ஊசி சில்லைப் பட்டைகளுக்கு நடுவே தள்ளிவிட, அது கீழ்த்தட்டில் விழ வேண்டும். அந்தப் பட்டைகள் காய்ந்து கட்டை மாதிரி ஆகிவிட்டன. இடது ஓரத்துக் காலத்தில், அதாவது புத்தகத்தின் முதல் பக்கத்துக்கு நேராக இருப்பதில், பழைய சில்லுகள் இறுகி அடைத்துக்கொண்டிருந்தன. முதல் பக்கத்தில்தான் பெரிய பதவிகள் வரும். எல்லாரும் தவறாமல் குத்துகிற இடம் அதுதான் என்பதால் அங்கே அதிகம் சேர்ந்திருக்கிறது. டூத்பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்ததும் அந்தக் காலமும் சரியாக விழ ஆரம்பித்தது.

கீழ்த்தட்டிலிருந்து கொட்டிய சில்லுகள் ஒரு கைப்பிடி தேறின. பஞ்ச் ரூமில் இதை மூட்டை மூட்டையாகக் குப்பையில் போட்டிருக்கிறோம். இதைப் போட மனசு வரவில்லை. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வரிசையில் நின்று வந்து போட்ட ஓட்டு. ஒரு பழைய காப்பிப்பொடி டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

இனி இதைச் செய்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்ஜினியரோ வியாபாரியோ செய்த பெட்டி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஜோசப் பி. ஹாரிஸ் என்ற அரசியல் அறிவியல் பேராசிரியர் செய்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், பெர்க்லி, என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். 1896-இல் பிறந்தவர், சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். வாக்காளர் பட்டியல் எப்படித் தயாராகிறது என்பதை ஊர் ஊராக ஆராய்ந்து 1929-இல் ஒரு புத்தகம் எழுதினார், தேர்தல் நிர்வாகம் பற்றி 1934-இல் இன்னொன்று. அரசு நிர்வாகத்தில் தேர்தல் நடத்துவதைப் போல மோசமாக நடக்கும் வேலை அமெரிக்காவில் அனேகமாக வேறில்லை என்ற கருத்தோடு அந்த இரண்டாவது புத்தகம் தொடங்குகிறது. கட்சிக்காரர்கள் தங்கள் ஆட்களையே பூத் அதிகாரியாகப் போடுவது, செத்தவர்கள் பெயரில் ஓட்டு, ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் சீட்டுகளை எண்ணிக் கணக்கைத் தப்பாக எழுதுவது என்று பார்த்தவர் அவர். நிரந்தர வாக்காளர் பட்டியல் வேண்டும், பூத்தில் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், பயிற்சி பெற்ற சிலரே போதும், கட்சி சிபாரிசு கூடாது என்று அந்தக் காலத்திலேயே வாதாடினார். ரூஸ்வெல்ட் காலத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தை வகுத்த குழுவிலும் வேலை பார்த்திருக்கிறார்.

அறுபத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு இந்தப் பெட்டியில் இறங்கினார். அதே பல்கலைக்கழகத்தின் இயந்திரப் பொறியியல் பேராசிரியர் வில்லியம் ரூவெரோல் உதவினார். காப்புரிமை 1965-இல் கிடைத்தது. அதற்கு முன்பே, 1964-இல், ஜார்ஜியா மாநிலத்தின் ஃபுல்டன், டிகால்ப் கவுண்ட்டிகளில் உள்கட்சித் தேர்தலுக்கு இதைப் பயன்படுத்திவிட்டார்கள். 1965-இல் ஐபிஎம் இதை வாங்கிக்கொண்டது, 1969-இல் தேர்தல் வியாபாரமே வேண்டாம் என்று விலகியது. பிறகு வேறு கம்பெனிகள் எடுத்து நடத்தின. 2000-ஆம் வருஷம் அமெரிக்க வாக்காளர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்காரர்கள் பஞ்ச் கார்டில்தான் ஓட்டுப் போட்டார்கள். ஹாரிஸ் 1985-இல் இறந்துவிட்டார். கடைசிக் காலத்தில் அவரிடம் எடுத்த நீண்ட நேர்காணல் பெர்க்லியின் பேங்க்ராஃப்ட் நூலகத்தில் இருக்கிறது.

நாற்பது வருஷம் தேர்தல் எப்படிக் கெடுகிறது என்று படித்த ஒருவர், ஓய்வு பெறும் வயதில் உட்கார்ந்து தன் கையால் அதற்கு ஒரு கருவி செய்கிறார் என்றால் அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை. அந்த மரியாதையோடுதான் கீழே வருகிற குறைகளையும் எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதற்கு முன்னால் பெரிய ஊர்களில், பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் நெம்புகோலை இழுத்து ஓட்டுப் போடும் இயந்திரம் இருந்தது. நியூயார்க் மாநிலத்து லாக்போர்ட்டில் 1892-இல் முதலில் வந்தது. அலமாரி அளவு, நாலு ஆள் சேர்ந்து லாரியில் ஏற்ற வேண்டும். அதைவிடப் பெரிய குறை, அது ஒவ்வொருவர் ஓட்டையும் தனியாக எங்கும் பதிந்து வைக்காது. பின்னால் ஒரு சக்கரத்தில் எண் கூடும், அவ்வளவுதான். ஒரு சக்கரம் சிக்கிக்கொண்டால் போன ஓட்டு போனதுதான், திரும்ப எண்ண எதுவுமே கையில் இருக்காது. ஹாரிஸின் பெட்டியை நானே ஒரு கையில் தூக்கிவிடுகிறேன், எனக்கு வயது எழுபத்திரண்டு. ஆளுக்கு ஒரு கார்டு பத்திரமாக இருக்கிறது. சந்தேகம் வந்தால் மறுபடி எண்ணலாம். எண்ணுகிறது கம்ப்யூட்டர், அதற்குத் தூக்கக் கலக்கம் கிடையாது, கட்சியும் கிடையாது. 1934-இல் அவர் பட்டியல் போட்டவற்றில் எண்ணும்போது வரும் நோய்களுக்கு இந்தப் பெட்டி மருந்து. எண்ணுகிறவர் பக்கத்திலிருந்து பார்த்தால் ஐந்துக்கு நாலரை தருவேன்.

ஓட்டுப் போடுகிறவர் பக்கம் வந்து பார்த்தால் இரண்டுக்கு மேல் தர முடியவில்லை. காரணத்தை என் பஞ்ச் ரூமிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் ரூமில் இரண்டு வகை மிஷின் இருந்தது. ஒன்று பஞ்ச், இன்னொன்று வெரிஃபையர். நான் அடித்த கார்டுக்கட்டை நானே கம்ப்யூட்டர் ரூமுக்கு அனுப்ப முடியாது. வேறொரு பெண் அதே கணக்குத் தாளை எதிரில் வைத்துக்கொண்டு, அதே கார்டுகளை வெரிஃபையரில் போட்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப அடிப்பாள். அந்த மிஷின் ஓட்டை போடாது, ஏற்கெனவே இருக்கும் ஓட்டையோடு ஒப்பிட்டு மட்டும் பார்க்கும். பொருந்தினால் கார்டின் வலது ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு விழும். பொருந்தாவிட்டால் தப்பான காலத்துக்கு நேர் மேலே வெட்டு விழும், அந்தக் கார்டைத் திரும்ப அடிக்க வேண்டும். கட்டை நிமிர்த்தி வைத்து வலது ஓரத்தை விரலால் தடவினாலே போதும், எது சரிபார்க்காத கார்டு என்று தெரிந்துவிடும். எங்கள் சூப்பர்வைசர் அம்மா அப்படித் தடவிப் பார்த்துத்தான் கட்டை வாங்குவார்கள். தினமும் எட்டு மணி நேரம் இதையே செய்கிற, சம்பளம் வாங்குகிற, கை தேர்ந்த எங்கள் வேலையையே இரண்டு தடவை சரிபார்த்தார்கள். யாருக்கோ சம்பளம் தப்பாகப் போய்விடக் கூடாது என்பதற்காக.

வோட்டோமேட்டிக்கில் வெரிஃபையர் எங்கே?

ஓட்டு ரகசியம். இன்னொரு பெண் உட்கார்ந்து என் ஓட்டைத் திரும்ப அடிக்க முடியாது, கூடாது. அப்படியானால் சரிபார்க்க வேண்டிய ஆள் நான் ஒருத்திதான். எனக்கு அதற்கு வசதி செய்து தர வேண்டும். கார்டில் பெயர் இல்லாததால் அந்த வசதி இல்லை. குத்தி முடித்ததும் கார்டைத் திருப்பிப் பார்த்து, பின்னால் சில்லு தொங்கினால் பிய்த்துவிடுங்கள் என்று அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள். ஃப்ளோரிடாவின் பாம் பீச் கவுண்ட்டியிலும் ஒட்டியிருந்தார்கள். ஓட்டை சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கலாம், சரியான ஆளுக்குத்தான் ஓட்டையா என்று கார்டை மட்டும் வைத்துக்கொண்டு பார்க்க முடியாதே.

பாம் பீச்சில் நடந்தது இதுதான். எழுத்துப் பெரிதாக இருக்க வேண்டும் என்று நினைத்து, ஜனாதிபதி வேட்பாளர்களை எதிரெதிரான இரண்டு பக்கத்திலும் அச்சடித்தார்கள். துளைகளோ நடுவில் ஒரே வரிசை. இடது பக்கத்தில் முதல் பெயர் குடியரசுக் கட்சியின் புஷ், இரண்டாவது ஜனநாயகக் கட்சியின் கோர். ஆனால் துளையில் இரண்டாவது, வலது பக்கத்தில் முதலில் இருந்த, சின்னக் கட்சி வேட்பாளர் பியூகானனுக்கு உரியது. கோருக்கு மூன்றாவது. பியூகானனுக்கு அந்தக் கவுண்ட்டியில் 3,400-க்கு மேல் ஓட்டு விழுந்தது. ஏறத்தாழ 19,000 கார்டுகளில் ஜனாதிபதி பதவிக்கே ஒன்றுக்கு மேல் துளை. தப்பைக் குத்திவிட்டோம் என்று தெரிந்து சரியானதையும் சேர்த்துக் குத்தினவர்கள் அதில் எத்தனை பேரோ. அந்த மாநிலத்தில் புஷ்ஷை ஜெயிக்க வைத்த வித்தியாசம் 537 ஓட்டு. டிசம்பர் 12-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு எண்ணிக்கை நின்றது.

இதை நான் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. முன்வெட்டுக் கார்டைத் தேர்தலில் நிறுத்திவிட வேண்டும் என்று அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனத்தில் இருந்த ராய் சால்ட்மேன் 1988-லேயே அறிக்கை எழுதியிருக்கிறார். பன்னிரண்டு வருஷம் அந்த அறிக்கையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் ரூமில் எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் இன்னொன்றும் சொல்லியிருப்பாள்: அரைகுறைச் சில்லு உள்ள கார்டை ரீடரில் விட்டால் ஒரு தடவை ஓட்டை மூடிக்கொள்ளும், அடுத்த தடவை சில்லு உதிர்ந்துவிடும். ஒரே கட்டை மூன்று முறை விட்டால் மூன்று கணக்கு வரலாம். மறுபடி எண்ணலாம் என்பதுதான் இந்தக் கார்டின் பெரிய பலம் என்று மேலே எழுதினேன். அதை உண்மையாக்க வேண்டுமானால் கார்டு ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும்.

2000-க்குப் பிறகு அரசியல் அறிவியல்காரர்கள் இதை முறையாக அளக்க ஆரம்பித்தார்கள். கால்டெக், எம்ஐடி என்ற இரண்டு பெரிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து அந்த வருஷம் டிசம்பரிலேயே ஒரு திட்டம் தொடங்கின. எம்ஐடியின் ஸ்டீஃபன் அன்சலபெஹரும் சார்லஸ் ஸ்டூவர்ட்டும் எளிமையான ஒரு அளவுகோலை எடுத்துக்கொண்டார்கள். பூத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர், ஜனாதிபதிக்கு என்று எண்ணப்பட்ட ஓட்டு எத்தனை, இரண்டுக்கும் நடுவில் விழுகிற எச்சம் எவ்வளவு. பஞ்ச் கார்டில் எச்சம் நூற்றுக்கு 2.5, பேனாவால் நிரப்பி ஸ்கேன் செய்யும் காகிதத்தில் சுமார் 1.5. அந்த ஒரு சதவீத வித்தியாசத்தைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நூறு கார்டில் ஒன்று கெட்டது என்றால் எங்கள் சூப்பர்வைசர் அம்மா கட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். நாடு முழுக்க 2000-இல் நாற்பதிலிருந்து அறுபது லட்சம் ஓட்டு பல காரணங்களால் கணக்கில் வராமல் போயிருக்கலாம் என்று அந்தத் திட்டத்தின் 2001 ஜூலை அறிக்கை மதிப்பிட்டது. அதில் இயந்திரமும் குழப்பமான சீட்டும் காரணமாகப் போனது பதினைந்திலிருந்து இருபது லட்சம்.

எங்கள் கவுண்ட்டியிலேயே இது கோர்ட்டு வரை போனது. 2003-இல், கவர்னரைப் பாதியிலேயே பதவியிலிருந்து இறக்கலாமா, இறக்கினால் அடுத்து யார் என்று கேட்கும் தேர்தல் வந்தது. ஓட்டுப் பட்டியலில் 135 வேட்பாளர்கள். சாண்டா கிளாரா உட்பட ஆறு கவுண்ட்டிகளில் இன்னும் பஞ்ச் கார்டுதான். கார்டு ஒழிகிற வரை தேர்தலைத் தள்ளிவைக்க வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். அதற்குப் புள்ளிவிவரச் சாட்சியம் எழுதிக் கொடுத்தவர் ஹென்றி பிரேடி, ஹாரிஸ் பாடம் நடத்திய அதே பெர்க்லியின் அரசியல் அறிவியல் பேராசிரியர். ஏறக்குறைய 40,000 பேரின் ஓட்டு எண்ணப்படாமல் போகும் என்பது அதன் சாரம். செப்டம்பர் 15-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் தேர்தலை நிறுத்தினார்கள், எட்டு நாள் கழித்து பதினோரு நீதிபதிகள் அதை மாற்றி, நடத்தலாம் என்றார்கள். ஒரே துறையில் ஒருவர் செய்த கருவியை நாற்பது வருஷம் கழித்து இன்னொருவர் அளந்து பார்த்து, போதாது என்று சொல்கிறார். இரண்டு பேருக்கும் நோக்கம் ஒன்றுதான், ஒருத்தர் ஓட்டும் வீணாகக் கூடாது. ஹாரிஸ் இருந்திருந்தால் பிரேடியின் கணக்கை முழுசாக வாங்கிப் படித்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர் 1929-லும் 1934-லும் செய்ததும் அதே வேலைதானே.

அக்டோபர் 7-ஆம் தேதி நான் அந்தத் தேர்தலில் கார்டு குத்தினேன். புத்தகத்தில் பக்கத்தைத் திருப்பித் திருப்பி என் ஆளைத் தேடிப் பிடித்து, ஊசியை செங்குத்தாக நிறுத்தி அழுத்தி, கார்டை உருவி விளக்குக்கு நேராகப் பிடித்து, பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தேன். கார்டில் இருந்த எண்ணையும் புத்தகத்தில் இருந்த எண்ணையும் திரும்ப ஒப்பிட்டேன். பஞ்ச் ரூமில் இருந்தவள் என்பதால் எனக்கு அது தோன்றியது. பக்கத்துத் தட்டிக்குள் நின்ற வயசான சீனப் பாட்டிக்குத் தோன்றியிருக்குமா என்று அப்போதே நினைத்தேன். அதுதான் எங்கள் ஊரில் கடைசிக் கார்டுத் தேர்தல்களில் ஒன்று. அடுத்த மாதமே தொடுதிரை வந்துவிட்டது. கடைசியாக ஐடஹோ மாநிலத்தின் இரண்டு கவுண்ட்டிகள் 2014 வரை பஞ்ச் கார்டு வைத்திருந்தன.

2002 அக்டோபரில் வந்த தேர்தல் சீர்திருத்தச் சட்டத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு விதி. ஓட்டைக் கொடுத்து முடிப்பதற்கு முன்னால் வாக்காளர் அதைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்ள வழி இருக்க வேண்டும். இப்போது பூத்தில் ஸ்கேனருக்குள் காகிதத்தைத் தள்ளும்போது ஒரே பதவிக்கு இரண்டு பேரை நிரப்பியிருந்தால் அது காகிதத்தை வெளியே தள்ளிவிடுகிறது. அன்றைக்கு வெரிஃபையரில் மேலே விழுந்த வெட்டு மாதிரிதான் இதுவும். 2004 தேர்தலில் நாடு முழுக்க எச்சம் சதவீதம் பாதியளவுக்கு நெருங்கிக் குறைந்தது என்று ஸ்டூவர்ட் கணக்குப் போட்டுக் காட்டினார். எனக்கு இப்போது ஓட்டுச் சீட்டு தபாலில் வருகிறது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, பெயருக்குப் பக்கத்திலேயே கறுப்பு மையில் நிரப்புகிறேன். பெயரும் என் குறியும் ஒரே தாளில். தாம்பரத்தில் இருக்கும் என் தங்கையிடம் இதைச் சொன்னபோது, அங்கே பட்டனை அழுத்தியதும் கண்ணாடிக்குள் ஏழு வினாடி சீட்டு தெரிகிறது, சின்னத்தைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன் என்றாள். அவள் பஞ்ச் ரூம் பக்கம் வந்ததே இல்லை. ஆனாலும் அந்த ஏழு வினாடி எதற்கு என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கால்களின் பூட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எனக்கு வந்ததில் ஒரு கால் தளர்ந்திருக்கிறது, அட்டை மடித்துச் செருகியிருக்கிறேன். சங்கிலியும் குத்தூசியும் இல்லாமல் விற்கிறார்கள், அதை வாங்காதீர்கள். பேனாவோ பின்னல் ஊசியோ அந்தத் துளைக்குச் சரிவராது. கார்டு கூட வருகிறதா, அது குத்தாததுதானா என்று கேளுங்கள். சாதாரண எண்பது காலக் கார்டு உங்களிடம் இருந்தாலும் இதற்கு ஆகாது, அதில் சில்லு முன்வெட்டாக இருக்காது. புத்தகத்தின் பெயர்ப் பக்கங்கள் பெரும்பாலும் இருக்காது, நீங்களே அச்சடித்துக்கொள்ள வேண்டும். வந்ததும் முதல் வேலையாகக் கீழ்த்தட்டைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், ரப்பர் பட்டையில் எண்ணெய் மட்டும் போடாதீர்கள், கார்டு கறையாகிவிடும்.

நாற்பது கார்டில் இருபத்தொன்பது செலவாகிவிட்டது. மிச்சம் பதினொன்றை ஈரம் படாமல் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில், மேல் தட்டில் எடுத்து வைத்திருக்கிறேன். பேத்தி ஐந்தாம் வகுப்பில் தேர்தல் பாடம் வருகிறது என்றாள். அன்றைக்குப் பெட்டியைப் பள்ளிக்கு எடுத்துப் போக டீச்சரிடம் கேட்டிருக்கிறேன்.